உங்களுக்குத் தெரியுமா? ஓவியத்தை இழுத்துப் பிடிப்பது துணியல்ல, பசை!

கேன்வாஸ் ஓவியத்தை விறைப்பாக வைத்திருப்பது துணிதான் என்று தோன்றும். உண்மையில், வண்ணத்துக்கு முன் துணியில் பூசும் தோல் பசைதான் பெரும்பாலும் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்து ஆய்வாளர் மரியன் மெக்லன்பர்க், துணி, பசை, வண்ணம் என ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இழுத்துச் சோதித்து 1982 அறிக்கையில் இதை விளக்கினார்.

காற்று வறண்டால் பசை சுருங்கப் பார்க்கும், மரச்சட்டம் விடாது. இழுவிசை ஏறி, வயதாகி விறைத்த வண்ணம் வெடிக்கும். பழைய ஓவியங்களின் மூலைகளைப் பார்த்தாலே தெரியும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் கதையே தலைகீழ்: பசை இளகும், துணி சுருங்கும் (புதுக் காடாத்துணியை நனைத்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்). பிடிமானம் போன வண்ணம் செதில் செதிலாக உரியும்.

வண்ணத்திலும் பேதம் உண்டு. எண்ணெயில் குழைத்த ஈய வெள்ளை ஓரளவு வளைந்து கொடுக்கும். துத்தநாக வெள்ளை சில ஆண்டுகளிலேயே மொறுமொறுப்பாகிவிடும்.

அருங்காட்சியகங்களில் ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து அசையவே கூடாது என்பது பழைய கெடுபிடி. 35 முதல் 65 வரை இருந்தாலும் பெரும்பாலான பொருள்களுக்குப் பாதகமில்லை என்று ஸ்மித்சோனியன் குழு 1994-இல் அறிவித்தது. ஏ.சி. செலவு குறையும் என்றாலும் பாதுகாப்பாளர்கள் எல்லோரும் அதை லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை.