வெற்றிலைச் சுண்ணாம்பும் 270 மீட்டர் ஆழமும்

போன வாரம் ரீபிரீதர் என்ற கருவியை அறிமுகம் செய்துவிட்டு, முக்குளிப்பவர் விட்ட மூச்சையே அது அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். விட்ட மூச்சைத் திரும்ப இழுத்தால் ஆள் செத்துப்போக மாட்டாரா என்று கேட்கத் தோன்றும். சாவதுண்டு. இந்த வாரம் முழுக்க அந்தக் கதைதான்.

மார்கழிக் குளிரில் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு படுக்கிறோம். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி, ஓரமாக மூக்கை வெளியே நீட்டுகிறோம். போர்வைக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடவில்லை, தாராளமாகவே இருக்கிறது. கரியமில வாயு ஏறிவிட்டது என்று மூளை அடிக்கும் மணிதான் அந்த முட்டல். மூச்சை ஓட்டுவது கரியமில வாயுதான் என்று 1905-ல் நிறுவியவர்களில் முக்கியமானவர் ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ஸ்காட் ஹால்டேன். (மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனை நம்மில் பலருக்குத் தெரியும். இந்தியாவில் குடியேறி, 1964-ல் புவனேஸ்வரில் காலமானவர். 1939-ல் தீடிஸ் நீர்மூழ்கியில் 99 பேர் இறந்தபின், அடைத்த இரும்பு அறைக்குள் தானே உட்கார்ந்து கெட்ட காற்றைச் சுவாசித்துப் பார்த்த மனிதர். அப்பன் பிள்ளை இருவருக்குமே இந்தப் பித்து இருந்தது.) ஆக்சிஜன் குறைந்தாலோ மூளை இவ்வளவு பலமாக மணி அடிப்பதில்லை. சத்தமில்லாமல் நினைவு தப்பிவிடும்.

காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். நாம் வெளியே விடும் மூச்சில் 16, 17 சதவீதம் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜன் போதும். ஸ்கூபாக்காரர் மிச்சத்தையெல்லாம் குமிழியாகக் கடலில் கொட்டுகிறார். ரீபிரீதர் அதை வீணாக்குவதில்லை. விட்ட மூச்சு ஒரு பைக்குள் போய், அங்கிருந்து ஒரு டப்பாவுக்குள் நுழைந்து, சுத்தமாகி, செலவான அளவுக்கு மட்டும் புது ஆக்சிஜன் சேர்ந்து, மறுபடி வாய்க்கு வருகிறது. ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர் செய்த ஆதி மாடலைக் கட்டிக்கொண்டு, 1880-ல் அலெக்சாண்டர் லாம்பர்ட் வெள்ளம் புகுந்த செவர்ன் சுரங்கத்துக்குள் இருட்டில் நடந்து போய்க் கதவை மூடிவிட்டு வந்தார்.

அந்த டப்பாவுக்குள் இருப்பது சுண்ணாம்பு. பள்ளிக்கூடத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினோமே, பால்போல் கலங்கியதே, அதே வேதியியல்தான். வெற்றிலையில் தடவும் நீற்றிய சுண்ணாம்போடு கொஞ்சம் காஸ்டிக் சோடா சேர்த்துக் குருணையாக்கியிருப்பார்கள். கரியமில வாயு பட்டதும் குருணை சூடாகும், ஈரம் கசியும். நிரப்புவதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. படியில் அரிசி அளக்கும்போது தட்டித் தட்டி அமுக்குவதுபோல, டப்பாவைச் சுற்றித் தட்டிக்கொண்டே கொட்ட வேண்டும். எங்காவது இடைவெளி விட்டால், உடைப்பெடுத்த வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதுபோல மூச்சு அந்த வழியாகவே ஓடிவிடும்; சுண்ணாம்பைத் தொடாது. தண்ணீர் புகுந்துவிட்டாலோ, தொண்டையைப் புண்ணாக்கும் காரக் கரைசல் வாய்க்கே வரும். ‘காஸ்டிக் காக்டெய்ல்’ என்று முக்குளிப்பவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

உடம்பு விடும் வாயு என்றதும் சிலருக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். மொச்சை தின்றுவிட்டு இறங்கினால் அதையும் சேர்த்துச் சுவாசிக்க வேண்டுமா? வேண்டாம். குடல் வாயு மூச்சுப் பைக்குப் போகாது. நீர் புகாத உடையோடு நின்றுவிடும், ஜிப்பைத் திறந்துவிடும் நண்பருக்குத்தான் சோதனை. சிலருக்குக் குடலில் ஊறும் மீத்தேன் ரத்தம் வழியே நுரையீரலுக்கு வந்து மூச்சில் கலப்பது உண்மை. சில மணி நேர முக்குளிப்பில் அது பொருட்டல்ல. குடல் வாயு வேலையைக் காட்டுவது மேலே வரும்போது: பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு லிட்டராக இருக்கும் எந்த வாயுவும் நீர்மட்டத்தில் இரண்டு லிட்டர். வயிறு உப்பிக்கொண்டு வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளைக் கொல்வது கரியமில வாயுதான். மணி அடிக்குமே என்றால், அதையும் முழுக்க நம்ப முடியாது. இறங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் கருவியில் மூச்சு விட்டுப் பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும் என்பது முக்குளிப்பவர்களின் பழைய நம்பிக்கை. நியூசிலாந்தில் மயக்க மருந்து நிபுணர் சைமன் மிட்சல் குழுவினர் அதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். சுண்ணாம்பே இல்லாத டப்பாவோடு மூச்சு விட்டவர்களிலேயே சிலருக்கு ஒன்றும் தெரியவில்லை. அரைகுறையாகப் பழுதான டப்பாவை மிகப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை.

ஆழத்தில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. அழுத்தத்தில் வாயு தடிக்கிறது. தடித்த வாயுவை இழுத்து விடுவதே உழைப்பு. உழைத்தால் கரியமில வாயு பெருகும். பெருகினால் இன்னும் வேகமாக மூச்சு வாங்கச் சொல்லி மூளை விரட்டும். ஒரு கட்டத்துக்குமேல் எவ்வளவு முக்கினாலும் மூச்சு வேகமாக வெளியேறாது, நுரையீரலின் சிறு குழாய்கள் நெரிந்துகொள்ளும். மாற்று சிலிண்டருக்குத் தாவலாம் என்றால், ஒரு வாய்க்குழாயை எடுத்து இன்னொன்றை வைக்க வேண்டிய இரண்டு விநாடிகூட மூச்சை அடக்க முடியாது. அதனால்தான் வாயிலிருந்து எதையும் எடுக்காமல், பிடியைத் திருப்பினாலே சிலிண்டருக்கு மாறும் வால்வைப் பலரும் பொருத்திக்கொள்கிறார்கள்.

இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர் டேவ் ஷா. ஆஸ்திரேலியர், ஹாங்காங்கின் கேத்தே பசிபிக்கில் விமானியாக இருந்தவர். 2004 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல் என்ற நன்னீர்க் குகையில் 270 மீட்டர் இறங்கியபோது, அடிச்சேற்றில் ஓர் உடலைக் கண்டார். பத்தாண்டுக்கு முன் அங்கே மூழ்கிய 20 வயது டியான் டிரையர். பெற்றோரிடம் பிள்ளையைக் கொண்டுவந்து தருகிறேன் என்றார். 2005 ஜனவரி 8 அன்று, தலைக்கவசத்தில் கேமராவோடு மறுபடி இறங்கினார். உடலைப் பைக்குள் நுழைத்துக் கட்டிவிட வேண்டும். அடியில் தங்கச் சில நிமிடம்தான். ஏறி வரப் பன்னிரண்டு மணி நேரம்.

சேற்றில் புதைந்திருக்கும் என்று நினைத்த உடல், கை வைத்ததும் கிளம்பி மிதந்தது. யாரும் எதிர்பார்க்காதது. வழக்கமாகக் கழுத்தில் தொங்கவிடும் விளக்கை, தலையில் கேமரா இருந்ததால் அவர் கீழே வைத்திருந்தார். அதன் வயரில் வழிக்கயிறு சிக்கியது. கத்தரிக்கோலை எடுத்தார். கேமராவில் படத்தைவிட ஒலிதான் தெளிவு: மூச்சு வேகமாகிறது, இன்னும் வேகமாகிறது, மேலோட்டமாகிறது, பிறகு நிற்கிறது. ஆக்சிஜன் பஞ்சம் அங்கே இல்லை. ஒலிப்பதிவின் மூச்சுகளை எண்ணி ஆராய்ந்த மிட்சல் குழு சுட்டியது தடித்த வாயுவை, அதை ஓட்ட அவர் பட்ட பாட்டை, வெளியேறாமல் தேங்கிய கரியமில வாயுவை. பெரிய வேலை எதுவுமில்லை, ஒரு பையும் சில முடிச்சுகளும். தரையில் குழந்தை செய்யும்.

கூட்டாளி டான் ஷெர்லி அவரைத் தேடி இறங்கினார். சுமார் 250 மீட்டரில் அவருடைய கருவியின் மின்னணுப் பெட்டி நசுங்கி உடைந்தது. திரும்பி, காதுக்குள் குமிழி புகுந்து தலைசுற்றி வாந்தியெடுத்தபடி, மணிக்கணக்கில் காத்துக் காத்து ஏறிப் பிழைத்தார்.

நான்கு நாள் கழித்து, 12-ஆம் தேதி, போலீஸ் முக்குளிப்பவர்கள் சிலிண்டர்களை மீட்க வழிக்கயிற்றை மேலே இழுத்தார்கள். கயிறு அடியிலிருந்து எழும்ப, ஷாவின் உடையிலும் உடலிலும் இருந்த வாயு ஏற ஏற விரிந்து அவரைத் தூக்கியது. குகையின் கூரையை ஒட்டி மிதந்து நின்றார். கீழே அவருடைய விளக்கு தொங்கியது. அதில் சுற்றிக்கொண்ட கயிற்றில், அவர் கொண்டுவருவதாகச் சொன்ன டியான் டிரையர் இருந்தார்.