தன் வேரில் நிற்கும் ரோசா

வீட்டு முற்றத்தில் ரோசா வளர்க்க விரும்புவோர் பூவின் நிறத்தை முதலில் நோக்குவர். ஈச்சிலம்பற்றைப் போன்ற ஊரிலோ முதலில் நோக்கத்தக்கது செடியின் வேரேயாம்.

இக்காலத்தில் விற்பனைக்கு வரும் ரோசாக்களிற் பல ஒட்டுச்செடிகள். மேலே ஒரு சாதி. அடியிலே வேறொரு சாதி. கச்சான் காற்றின் வெம்மையில் மேற்பகுதி பட்டுப்போனால் அடியிலிருந்து துளிர்ப்பது நாம் விரும்பிய ரோசாவன்று. பழைய பன்னீர் ரோசாவோ தடியை ஊன்றினாலே வேர்விடும் இயல்பினது. அவ்வாறு வளர்ந்த செடி மேலே கருகினும், வேர் உயிரோடிருக்குமாயின், அதே பூவோடு மீளும்.

தமிழகத்தில் இதனை எட்வர்ட் ரோசா என்றும் அழைப்பர். இன்று ரியூனியன் எனப்படும் பூர்பொன் தீவிலே, வேலியாக நட்ட சீன ரோசாவும் டமாஸ்க் ரோசாவும் கலந்து பிறந்த இனம் இது. 1820 அளவில் இதன் விதைகள் பாரிசை அடைந்தன. புதுக்கால ரோசாக்களின் முதல்வி எனப்படும் 'லா பிரான்ஸ்' தோன்றிய 1867-க்கு இது முந்தியது. சீனத் தாயாதி மீண்டும் மீண்டும் பூக்கும் ஆற்றலையும், டமாஸ்க் நறுமணத்தையும் இதற்கு ஈந்தன.

குறையும் உண்டு. நீண்ட காம்பில்லை, பறித்த பூ விரைவில் இதழ் உதிர்க்கும். ஆதலால் பூச்சாடிக்கு ஏற்றதன்று. மாலைக்கும் வழிபாட்டுக்கும் குல்கந்துக்குமே உரியது.

ஐப்பசி மாரி தொடங்கும் காலமே தடி ஊன்ற ஏற்றது. முற்றிய கிளையில், பென்சிற் பருமனாய், மூன்று நான்கு கணுக்களோடு ஒரு சாண் நீளம் வெட்டுக. மணல் நிலத்தில் மக்கிய மாட்டெருவைத் தாராளமாய்க் கலந்து, நீர் தேங்காத மேட்டில் நடுக. நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். கோடையில் காலைவேளை அடியில் நீர் ஊற்றுக. இலை நனைந்தேயிருப்பின் கரும்புள்ளி நோய் பற்றும்.

2004-இல் கடற்கோளையும் 2006-இல் போரின் இடப்பெயர்வையும் கண்ட ஊர் ஈச்சிலம்பற்று. ஆளற்ற முற்றத்தில் செடிக்கு நீரூற்ற எவரிருப்பர்? எனினும் ஓர் ஊரில் ஒரு செடி எஞ்சினாலும், தடி கொடுத்துத் தடி வாங்கி அத்தனை முற்றங்களிலும் அதே பூவை மலரச் செய்யலாம். விலை கொடுக்க வேண்டியதில்லை. எனவே அயலிற் பழைய செடி உண்டாவென முதலில் வினவுங்கள். கடையில் வாங்குவதாயின், தண்டின் அடியில் ஒட்டுக்கணு இல்லையென்பதைப் பார்த்தபின் வாங்குங்கள்.