ஓசை வாங்குவோரும் செவி இழப்போரும்

எஞ்சின் இரைந்தால் பழுது என்று நினைப்பவர்கள் நாம். அந்த இரைச்சலைக் காசு கொட்டி வாங்குகிறவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள்!

பந்தயக் கார் வைத்திருக்கும் சீமான், கம்பெனி பொருத்தித் தந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறு குழாய் மாட்டுகிறார். எதற்கு? வேகத்துக்கு என்பார். உண்மையில் ஓசைக்கு!

எரிந்த புகை, வால்வு திறந்ததும் வெடித்துக்கொண்டு வெளியே பாய்கிறது. சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளைக்குழாய்களும் அந்த அதிர்வுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குகின்றன. 12 சிலிண்டர் கார் நிமிடத்துக்கு 8,000 சுற்றுச் சுற்றினால் வினாடிக்கு 800 வெடிப்பு. அத்தனையும் சேர்ந்து ஒரே சுருதியாக ஒலிக்கிறது. அந்தச் சுருதியைக் கூட்டத்தான் இத்தனை செலவு!

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்தகால விமானத்தளத்தில், 1950-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்குத் தனி ஓடுதளமே வந்தது. சோழவரத்தையும் பொன்னேரியையும் தாண்டிப் போனால் பழவேற்காடு ஏரி. அங்கேயும் எஞ்சின் ஓசை உண்டு. கைதட்டத்தான் ஆளில்லை!

மீன்பிடிப் படகில் இருப்பது ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் வினாடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று அடி. சுருதியல்ல, சம்மட்டி! உப்புக்காற்றில் இரும்புச் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிறது. மாற்றக் காசில்லை, ஓட்டையோடே ஓடுகிறது. படகோட்டி கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார், நாளெல்லாம், ஆண்டெல்லாம். குப்பத்தார் உரக்கப் பேசுகிறார்கள் என்று டவுன்காரர் கேலி செய்கிறார். கத்தாவிட்டால் காதில் விழாது என்ற நிலைக்கு அவர்களைத் தள்ளியது எது என்று கேலி செய்பவர் கேட்டதுண்டா?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், கம்பெனி செய்ததை மனம்போல் மாற்றக்கூடாது என்கிறது. ஓசை வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை என்று 2019 திருத்தம் சொல்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் இருந்தது. ஆலைத் தொழிலாளி போராடிப் பெற்ற பாதுகாப்பு அது.

ஆனால் படகு ரோட்டில் ஓடவில்லை. ஏரி ஆலையும் அல்ல. ஆகவே இந்தப் பாதுகாப்பெல்லாம் கரையிலேயே நின்றுவிடுகிறது! தண்ணீரில் உழைப்பவன் காது காதில்லையா?

சைலன்சர் மாட்டினால் இழுவிசை குறையும் என்று தோழர் சிலர் தயங்குவார்கள். அடைத்துக்கொள்ளும் மட்டச் சரக்கு குறைக்கும், மெய்தான். எஞ்சினுக்கு அளவாகச் செய்தது பெரிதாகக் குறைக்காது. துருவுக்கும் வழி உண்டு. சீமானின் குழாய் துருவை எளிதில் அண்டவிடாத உயர்ந்த எஃகு. அதை வளைத்துப் பற்றவைப்பவர் நம் பட்டறைத் தோழர். பணக்காரன் ஓசையைக் கூட்டத் தெரிந்த அந்தக் கைகளுக்கு, ஏழையின் இரைச்சலைக் குறைக்கத் தெரியாதா? தெரியும். கூலி கொடுக்கத்தான் ஆளில்லை.

ஆகவே நாம் கேட்கிறோம்: எஞ்சினுக்கு மானியம் தரும் அரசு, துருவைத் தாங்கும் சைலன்சருக்கும் சேர்த்துத் தரட்டும். குப்பந்தோறும் காது பரிசோதனை நடக்கட்டும். செவி இழந்த மீனவருக்கும் இழப்பீடு என்று சட்டம் எழுதப்படட்டும்.

கோட்டைக்குப்பம் முதல் கூனங்குப்பம் வரை உள்ள தோழர்களே! அடுத்த மனுவில் இந்த மூன்றையும் சேருங்கள். உரக்கப் பேசிப் பழகியவர்கள் நீங்கள். கோட்டைக்கும் கேட்கட்டும்!