மேசைப் போர்க்களம் – 6: கம்பார் மேடும் காகிதச் சேனையும்

கம்பார் யுத்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போர் நம்மிடையே பலர் உண்டு. ஆனால் அதன் முடிவை நிர்ணயித்த காரியம் சுங்கை பஞ்சாங்குக்கு வடக்கே, பெர்னாம் ஆற்றின் மறுகரையிலுள்ள உத்தான் மெலிந்தாங்கில் நிகழ்ந்தது என்பதை அறிந்தவர் சிலரே. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை, பதினோராவது இந்திய டிவிஷனின் பிரிட்டிஷ், பஞ்சாபி, கூர்க்கா வீரர்கள் கம்பார் மேட்டுச் சரிவுகளில் ஊன்றி நின்று, மலாயாப் போரில் அதுகாறும் காணாத உறுதியுடன் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தினார்கள். எனினும், கடல் வழியே படகுகளில் வந்த ஜப்பானியர் உத்தான் மெலிந்தாங்கில் இறங்கி, அந்நாளில் தெலுக் ஆன்சன் எனப்பட்ட தெலுக் இந்தானை நோக்கி நகர்ந்து, பின்புறத்துச் சாலையைத் துண்டிக்கும் அபாயம் எழுந்தமையால், நேருக்கு நேர் நின்ற போரில் கைவிடாத மேட்டை அவர்கள் இரவோடு இரவாக விட்டு விலக நேர்ந்தது.

மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திப் போர் பயில விரும்பும் ஆரம்பநிலை அன்பருக்கு முதற்களமாக நான் இதனையே சொல்வேன். கடைகளின் கண்ணாடி அலமாரியில் 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகளைக் கண்டு ஆசைப்பட்டு, ஒரு சேனையைச் சேர்க்க நூற்றுக்கணக்கான ரிங்கிட் ஆகும் என்று அறிந்ததும் மனம் தளர்ந்து திரும்பும் தோட்டத்து இளைஞர்களை எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது. ஏனெனில் இந்தக் கலைக்குப் பொம்மையின் விலை ஒருபோதும் அடிப்படையாக இருந்ததில்லை. எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறு நூல், காலாட்படைக்கு ஒரு நகர்வில் ஓரடி, குதிரைப்படைக்கு ஈரடி என்னும் அளவு எளிய விதிகளால் ஆனது. குட்டன்பர்க் இணைய நூலகத்தில் அதை இன்று எவரும் இலவசமாக வாசிக்கலாம்.

சிப்பாய்களுக்கு ‘ஜூனியர் ஜெனரல்’ என்னும் இணையதளம் உண்டு. பல யுகங்களின் படைகளைக் காகித உருவங்களாக வரைந்து, வேண்டுவோர் அச்சிட்டுக்கொள்ளுமாறு இலவசமாக வைத்திருக்கிறார்கள். அவற்றைச் சற்றுக் கனத்த தாளில் அச்சிட்டு, மணிலா அட்டையில் ஒட்டி வெட்டினால், ஒரு மாலைப்பொழுதில் ஒரு பட்டாளம் தயார். ஆட்டத்தின் இலக்கணத்தைப் பழகுவதற்கு ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ நிறுவனத்தார் இலவசமாகத் தரும் அடிப்படை விதிகள் போதும்; அவை கற்பனை உலகங்களுக்கு எழுதப்பட்டவையாயினும், இரு தரப்பாரும் ஒரு பிரிவு மாற்றி ஒரு பிரிவாக நகர்த்தும் அந்த முறை, எதிராளி தன் சேனை முழுவதையும் நகர்த்தி முடிக்கும்வரை கைகட்டிக் காத்திருக்கும் சலிப்பைப் போக்கிவிடுகிறது.

விதிகளைக் கற்றாலும் ஆட்டத்தின் நடுவே புத்தகத்தைப் புரட்டுவதே புதியவரின் பெருந்துன்பம். ஆகவே நகர்வு, சுடும் தூரம், குறி தப்பாமைக்கு வேண்டிய எண், மனவுறுதிச் சோதனை ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் அவரவர் கையாலேயே எழுதிக்கொள்வது நலம். எழுதும்போதே பாதி மனப்பாடமாகிவிடும். காட்டுப் பிரதேசத்துப் போருக்கு இன்றியமையாத சாதனம் இன்னொன்று உண்டு. சீட்டளவு அட்டைகளை வெட்டி, சிலவற்றின் அடியில் படைப்பிரிவின் பெயரை எழுதி, சிலவற்றை வெறுமையாக விட்டு, எல்லாவற்றையும் கவிழ்த்தே மேசையில் நகர்த்த வேண்டும்; எதிரி குறித்த தூரத்துக்குள் வந்து கண்டால்தான் அட்டை புரட்டப்படும். மரக்கூட்டத்துக்குள் இருப்பது ஒரு கம்பெனியா, வெறும் நிழலா என்று தெரியாமல் முன்னேறும் அந்த அச்சத்தை, எவ்வளவு அழகாக வர்ணம் தீட்டிய பொம்மையாலும் உண்டாக்க இயலாது.

பகடையின் இயல்பையும் முன்கூட்டியே ஆராயலாம். ஐந்தோ ஆறோ விழுந்தால் குறி தப்பாது என்ற விதியில், மூன்று பகடைகளும் ஒருங்கே பொய்த்துப்போகும் வாய்ப்பு 27இல் 8, அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது. ‘எனிடைஸ்’ என்னும் இலவச இணையக் கணக்கீட்டுப் பக்கம் இதை நொடியில் சொல்லிவிடும். விதியை மாற்ற விரும்புவோர் அதனிடம் கேட்ட பிறகு மாற்றுவதே விவேகம்.

கம்பார் ஆட்டத்துக்கு நான் சேர்க்கும் விதி ஒன்றே. நான்காம் சுற்று முதல், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஜப்பானியத் தரப்பார் ஒரு பகடை உருட்ட வேண்டும். ஆறு விழுந்தால் உத்தான் மெலிந்தாங்கில் படகு இறங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் தற்காப்போர் மூன்று சுற்றுக்குள் தம் படையைத் தெற்குச் சாலை வழியே மேசையை விட்டு வெளியேற்றியாக வேண்டும். வெளியேறிய பிரிவுகளே வெற்றிப் புள்ளிகள். மேட்டைக் காப்பதா, வீரரைக் காப்பதா என்ற அந்தத் தர்மசங்கடத்தில்தான் யுத்தம் என்பது எத்தனை கொடிய காரியம் என்று விளையாடுபவன் உணர்கிறான். ஆதலால் இதைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

களத்தின் நிஜத்தை அறிய, ஜெனரல் பெர்சிவலின் மலாயாப் போர் அறிக்கை 1948இல் லண்டன் கெஜட்டின் இணைப்பாக வெளியாகி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பும் அவ்வாறே. ஆனால் நம் தோட்டங்களில் அந்த ஜனவரி மாதத்தைக் கண்ணால் கண்ட முதியோர் இன்னும் ஓரிருவர் இருக்கக்கூடும். அவர்கள் சொல்வது எந்தக் கெஜட்டிலும் ஏறவில்லை. அத்தகைய தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், படகுகள் வந்த திசையையும், அன்று சாலை சென்ற வழியையும், லயத்து மக்கள் ஒளிந்த இடங்களையும் கேட்டு, ஒரு தாளில் வரைபடமாகக் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் அந்த வரைபடத்தை மேசையில் எவ்வாறு அமைப்பது என்பதைக் காண்போம்.

(தொடரும்)