தேக்குப் பலகைக்கு இரும்புக் கால்

கண்டனூரிலும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது பர்மாத் தேக்குப் பலகைகள் விலைக்கு வருகின்றன. மேஜைக்கு இதைவிட நல்ல பலகை கிடைப்பது அரிது. கால்களை வெல்டிங் பட்டறையில் இரும்பில் செய்துகொள்கிறார்கள். ஆனால் இப்படிச் செய்த மேஜைகளில் சில, ஒரு கோடை கழிவதற்குள் நடுவில் பிளந்துவிடுகின்றன. பல காலம் விரிசல் காணாத பலகை இப்போது மட்டும் ஏன் பிளக்கிறது?

மரம் வெட்டுண்டு நூறாண்டு ஆனாலும் காற்றின் ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. ஐப்பசி மழையில் உப்புகிறது. சித்திரை வெயிலில் சுருங்குகிறது. ரேகையின் நீளவாக்கில் இம்மாற்றம் இல்லையென்றே சொல்லலாம், எல்லாம் அகலவாக்கில்தான். 75 செ.மீ. அகலமுள்ள தேக்குப் பரப்பில் ஈரப்பதம் 4 சதவீதம் குறைந்தால், மரத்தை அறுத்த விதத்தைப் பொறுத்து 3 முதல் 5.5 மி.மீ. வரை அகலம் குறையும். தேக்கு இவ்வகையில் அடக்கமான மரம். வேறு பல மரங்கள் இதைவிட அதிகம் சுருங்கும். இரும்போ ஈரத்துக்கு அசைவதில்லை. வெப்பம் 20 டிகிரி மாறினாலும் அதே 75 செ.மீ. நீளத்தில் 0.2 மி.மீ. கூட மாறாது. எனவே இரு ஓரங்களையும் இரும்போடு இறுக முடுக்கிவிட்டால், சுருங்க வழியில்லாத பலகை ரேகையோடு பிளக்கிறது.

பரிகாரம் மிக எளிது. கால்களின் மேல்சட்டத்தில் நடுத்துளையை மட்டும் வட்டமாகப் போடச் சொல்லுங்கள். ஓரத்துளைகள் பலகையின் அகலவாக்கில் நீண்டிருக்கட்டும். 6 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. நீளத்துளை போதும். அகலமான வாஷர் இட்டு, போல்ட் நகர இடம் இருக்கும் அளவுக்கே முடுக்குங்கள். சட்டமிட்ட கதவுகளில் நடுப்பலகையைப் பசையிட்டு ஒட்டாமல் பள்ளத்தில் தளர்வாக நிறுத்துகிறார்களே, அதே தந்திரம்தான்.

இனிப் பட்டறைக்கு வருவோம். ‘ப’ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற இரண்டு சட்டங்கள் செய்யவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம், சாதாரண மேஜைக்குத் தாராளம். வெல்டிங் ராடின் நுனிக்கும் குழாய்க்கும் இடையே எழும் மின்வில்லின் வெப்பம் பல ஆயிரம் டிகிரி. எஃகு உருகச் சுமார் 1,500 டிகிரி போதும். ராடின் மேற்பூச்சு எரிந்து வாயுவாகிக் காற்றை விலக்குகிறது; எஞ்சியது கசடாகப் படிந்து உருகிய இரும்பை மூடுகிறது.

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். மூலையின் உட்பக்கத்தை ஒரே மூச்சில் பற்றவைத்தால் கால் உள்நோக்கி இழுக்கப்பட்டுவிடும். ஆகவே முதலில் எல்லா மூலைகளிலும் சிறு பொட்டுகள் மட்டும் வையுங்கள். இரு பாதங்களுக்கும் இடையே தற்காலிகமாக ஒரு கம்பியைப் பொட்டுவைத்து நிறுத்துங்கள். மூலைமட்டம் பிடித்து, இரு மூலைவிட்டங்களும் சமமா என்று நாடாவால் அளந்த பிறகே முழுப் பற்றவைப்பு. அதையும் மூலை மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். எவ்வளவு பார்த்தாலும் நாலு கால் மேஜை சிறிது ஆடத்தான் செய்யும். பாதத்தில் ஒரு நட்டைப் பற்றவைத்து, அதில் போல்ட்டைத் திருகி உயரத்தைச் சரிசெய்யலாம்.

வேடிக்கை பார்க்கும் மாணவர்கள் கவனிக்கவேண்டும்: மின்வில்லின் புறஊதாக் கதிர் கருவிழியைச் சுடும். அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். கறுப்புக் கண்ணாடி போட்ட முகமூடி இல்லாமல் எட்டிப் பார்க்காதீர்கள். துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்தால் எழும் வெண்புகை காய்ச்சலைத் தரும். அதைத் தவிர்த்து சாதாரணக் குழாயையே வாங்குங்கள்.

கடைசியாகத் துரு. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்துவரும் துறைகளுள் உலோக அரிப்பும் ஒன்று. உங்கள் மேஜைக்கு அவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, அன்றே ரெட் ஆக்சைடு பூசுங்கள்; கசடின் மேல் பூசிய வர்ணம் அதோடு உதிர்ந்துவிடும். தரை கழுவும் நீர் குழாய்க்குள் ஏறாதபடி பாதத்தை மூடிவிடுங்கள்.