ஆராய்ச்சிப் பணம் யாருடைய கேள்விக்குப் போகிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாடும் தன் பல்கலைக்கழகங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் தனியாகச் செலவு செய்கிறது. அதற்கு மேல், எல்லோரும் ஒரு பொதுப் பானையில் பணம் போட்டு, அதிலிருந்தும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பானைக்கு இப்போதைய பெயர் ‘ஹொரைசன் யூரோப்’. 2021 முதல் 2027 வரையிலான ஏழு ஆண்டுகளுக்கு அதற்கு முதலில் ஒதுக்கிய தொகை 9,550 கோடி யூரோ. ரூபாய் இல்லை, யூரோ.

‘அவங்க பணம், அவங்க ஆராய்ச்சி, நமக்கென்ன?’ என்று கேட்பீர்கள். இந்தப் பொதுப் பணத்தில் ஒரு சின்னக் கரண்டி இயற்கை வேளாண்மைக்கும் போனது. சட்டப்படி விற்கவே கூடாது என்றிருந்த ஒரு வகை விதை, இன்று அங்கே வெளிப்படையாக விற்பனைக்கு வந்திருக்கிறது. அதில் இந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு. அது எப்படி நடந்தது என்று பார்ப்போம். வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். அதனால் பணம் எந்த வாய்க்கால் வழியாகப் போகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பானை பெரிதான கதை

1984-இல் முதல் ‘கட்டமைப்புத் திட்டம்’ தொடங்கியது. கணினி, மின்னணுத் துறைகளில் அமெரிக்காவும் ஜப்பானும் முந்திப் போகின்றன, நாடு நாடாகத் தனியே ஓடினால் எட்டிப்பிடிக்க முடியாது என்ற கவலைதான் அதன் பின்னணி. அதன் பிறகு தொகை ஏறிக்கொண்டே வந்தது. 2014–2020-க்கான ‘ஹொரைசன் 2020’ ஏறத்தாழ 8,000 கோடி யூரோ. இப்போது நடப்பது ஒன்பதாவது திட்டம். அடுத்த 2028–2034 திட்டத்துக்கு 17,500 கோடி யூரோ வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்தது.

இந்தத் திட்டங்களின் வேர் தொழில் போட்டியில் இருக்கிறது. வேளாண்மை பின்னால் வந்து சேர்ந்த பிள்ளை. நடப்புத் திட்டத்தில் உணவு, வேளாண்மை, காடு, கடல், சுற்றுச்சூழல் எல்லாம் சேர்ந்த பிரிவுக்கு 895 கோடி யூரோதான். நூறு யூரோவில் ஒன்பது சொச்சம். அந்த ஒன்பதிலும் இயற்கை வேளாண்மை தன் பங்குக்குப் போராடித்தான் ஆக வேண்டும்.

கடன் மனுவும் மானிய மனுவும்

ஆணையம் முதலில் ஒரு வேலைத்திட்டம் வெளியிடும். ‘இன்ன கேள்விக்கு விடை தேட இவ்வளவு பணம், கடைசித் தேதி இது’ என்று தலைப்பு தலைப்பாக அதில் இருக்கும். வேளாண்மைத் தலைப்புகளுக்குப் பெரும்பாலும் கூட்டாகத்தான் மனுப் போட வேண்டும். குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று தனித்தனி அமைப்புகள் வேண்டும்; அதில் ஒன்றாவது ஒன்றிய நாட்டில் இருக்க வேண்டும். நடைமுறையில் பதினைந்து, இருபது அமைப்புகள் சேர்ந்து வருகின்றன.

மனுவைப் படித்து மதிப்பெண் போடுவது வெளியிலிருந்து அழைக்கப்படும் நிபுணர்கள். அறிவியல் தரம், விளைவு, செய்து முடிக்கும் திறன் என்று மூன்று தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். பொதுவாக ஒவ்வொன்றிலும் மூன்றும் மொத்தத்தில் பத்தும் எடுத்தால்தான் வரிசையிலேயே நிற்க முடியும். ஹொரைசன் 2020-இல் ஏறத்தாழ எட்டு மனுவுக்கு ஒன்றுதான் தேறியது.

வங்கியில் நாங்கள் முதலில் கேட்பது ‘திருப்பிக் கட்டுவாரா, ஈடு என்ன?’ என்பதுதான். இங்கே இரண்டுமே இல்லை. ஆராய்ச்சிப் பணி என்றால் நேரடிச் செலவு முழுவதையும் கொடுக்கிறார்கள். அலுவலக வாடகை, மின்சாரம் மாதிரியான மறைமுகச் செலவுக்கு மேலே 25 சதவீதம். சந்தைக்கு அருகிலுள்ள வேலையாக இருந்தால், லாப நோக்குள்ள நிறுவனங்களுக்கு 70 சதவீதம். ஒரு பகுதியை முன்பணமாகவே தருகிறார்கள். அதிலிருந்து மானியத்தில் 5 சதவீதத்துக்குச் சமமான தொகையை ஒரு பொது நிதியில் பிடித்து வைக்கிறார்கள். கூட்டாளி ஒருவர் நொடித்துப்போனால் அந்தப் பாக்கி மற்றவர் தலையில் விழக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நம்ம குழுக்கடனில் ஒருத்தர் தவணைக்கு மற்றவர்கள் படும் பாடு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கணக்கு விஷயத்தில் அங்கேயும் தலைவலி உண்டு. ஐரோப்பியத் தணிக்கை மன்றம் ஆண்டுதோறும் கணக்கைப் பார்த்து எழுதும் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப ஒரு விஷயம் வருகிறது: பிழைகள் அதிகமாக வருவது சம்பளக் கணக்கில், சிறு நிறுவனங்களும் புதிதாக வருபவர்களும்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். அதனால் இப்போது பல திட்டங்களில் ரசீது ரசீதாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒப்புக்கொண்ட வேலை முடிந்தால் ஒப்புக்கொண்ட தொகை என்று மொத்தமாகக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

கேள்வியை எழுதுவது யார்?

பணம் வந்துவிட்டது, ஆனால் எந்தக் கேள்விக்கு? பழைய வழக்கத்தில் விஞ்ஞானி கேள்வி எழுதுவார், நிலையத்து வயலில் சோதிப்பார், முடிவை விரிவாக்க அலுவலர் உழவருக்குச் சொல்வார். உழவர் கடைசி வரிசையில் கை கட்டி நின்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஹொரைசன் 2020 காலத்தில் இதில் ஒரு மாற்றம் வந்தது. பல வேளாண்மைத் தலைப்புகளில் ‘பலதரப்பு அணுகுமுறை’ கட்டாயமாயிற்று. பிரச்சினை எது என்று முடிவு செய்வதிலிருந்து, வயல் சோதனை, முடிவைப் பரப்புவது வரை உழவர்களும் ஆலோசகர்களும் உள்ளே இருக்க வேண்டும். கடைசியில் ஒரு கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கினால் செல்லாது.

வேலைத்திட்டம் அச்சாகும் முன்பே போய்ப் பேசுவதற்கும் ஆள் இருக்கிறது. 2007-இல் உருவான ‘டிபி ஆர்கானிக்ஸ்’ என்ற மேடை, இயற்கை உழவர்கள், நிறுவனங்கள், ஆராய்ச்சியாளர்கள் எல்லோருடைய தேவைகளையும் தொகுத்து ஆணையத்தின் முன் வைக்கிறது. ஆணையமும் 2021 மார்ச்சில் வெளியிட்ட இயற்கை வேளாண்மைச் செயல்திட்டத்தில், வேளாண்மை, காடு, கிராமப்புற ஆராய்ச்சிப் பணத்தில் 30 சதவீதமாவது இயற்கை வேளாண்மைக்கு உரிய, அல்லது அதற்குப் பயன்படும் தலைப்புகளுக்குப் போக வேண்டும் என்று எழுதிவிட்டது. 2030-க்குள் விளைநிலத்தில் கால் பங்கு இயற்கை வேளாண்மைக்கு மாற வேண்டும் என்று இலக்கு வைத்துவிட்டு, ஆராய்ச்சிக்கு மட்டும் கையை விரிக்க முடியாது அல்லவா?

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்ன வாய்க்கால் ஓடுகிறது. 2012-இல் தொடங்கிய வேளாண் புத்தாக்கக் கூட்டுறவில் ‘ஆப்பரேஷனல் குரூப்’ என்று ஒன்று உண்டு. நாம் களக்குழு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பகுதி உழவர்கள், ஓர் ஆலோசகர், ஓர் ஆராய்ச்சியாளர் சேர்ந்து தங்கள் பிரச்சினைக்குத் தாங்களே வழி தேடலாம். இதற்குப் பணம் கிராமப்புற வளர்ச்சி நிதியிலிருந்து அந்தந்த நாட்டு அரசு வழியாக வருகிறது. இதுவரை 3,000-க்கும் மேற்பட்ட களக்குழுக்கள் வேலை செய்திருக்கின்றன. அயர்லாந்தில் பிரைட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு களக்குழு பண்ணைகளின் உயிர்வேலி, குட்டை, வயல் ஓரம் ஆகியவற்றின் தரத்துக்கு மதிப்பெண் போட்டது. மதிப்பெண் கூடினால் உழவருக்குப் பணமும் கூடும். செலவைக் காட்டி வாங்குகிற மானியம் அல்ல, விளைவைக் காட்டி வாங்குகிற கூலி.

விற்கக் கூடாத கோதுமை

இனி விதைக்கு வருவோம். ஐரோப்பாவில் தானிய விதையைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டுமானால் அது பதிவு செய்த ரகமாக இருக்க வேண்டும். ரகம் என்றால் மூன்று இலக்கணம்: மற்ற ரகங்களிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும், எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், தலைமுறைக்குத் தலைமுறை மாறாமல் இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சில ஆராய்ச்சியாளர்கள் செய்து பார்த்தார்கள். இங்கிலாந்தில் மார்ட்டின் வுல்ஃப் என்ற தாவர நோயியல் அறிஞரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2001-இல் 20 கோதுமை ரகங்களை ஒன்றோடொன்று கலந்து, கிடைத்த விதைகளை எல்லாம் ஒன்றாகக் கொட்டி விதைத்தார்கள். அறுத்த விதையைப் பிரிக்காமல் மறுபடி விதைத்தார்கள். எது நிற்கும், எது விழும் என்பதை வயலே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். இப்படிப்பட்டதை நாம் ‘விதைக்கூட்டம்’ எனலாம். ஒரு செடி உயரம், ஒரு செடி குட்டை. ஒன்று நோய் தாங்கும், ஒன்று வறட்சி தாங்கும். எந்த வருஷம் எது வந்தாலும் ஏதோ ஒரு பங்கு தலை நிமிர்ந்து நிற்கும். உச்ச விளைச்சல் எடுப்பது இதன் நோக்கமல்ல. மோசமான ஆண்டிலும் வெறுங்கையோடு திரும்பாமல் இருப்பதுதான்.

இத்தாலியின் விதை வளர்ப்பாளர் சால்வத்தோரே செக்கரெல்லி சிரியாவின் அலெப்போவில் இருந்த பன்னாட்டு வறள்நில வேளாண் ஆராய்ச்சி மையத்தில் நீண்ட காலம் உழவர்களோடு சேர்ந்து விதை வளர்த்தவர். அங்கிருந்து ஏறத்தாழ 2,000 கலப்புகளின் வாரிசான ஒரு கோதுமை விதைக்கூட்டம் 2010-இல் இத்தாலிக்கு வந்தது. பொதுப் பானைப் பணத்தில் 2010 முதல் 2014 வரை நடந்த ‘சோலிபாம்’ திட்டத்தில் அதைச் சிசிலி, டஸ்கனி உள்ளிட்ட பகுதி உழவர்கள் தங்கள் வயலில் விதைத்தார்கள். சில ஆண்டுகளில் ஒரே விதை ஊருக்கு ஊர் வேறு வேறாக மாறத் தொடங்கியது. சிசிலி வயலில் இருப்பது சிசிலியின் விதை, டஸ்கனியில் இருப்பது டஸ்கனியின் விதை.

நல்ல விதைதான், ஆனால் விற்றால் குற்றம். ஒரே மாதிரி இல்லாததுதான் அதன் பலம். சட்டம் கேட்பதோ ஒரே மாதிரி இருப்பதை. உழவர் விதை அமைப்புகளும் ஆராய்ச்சியாளர்களும் வயல் முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். 2014-இல் கோதுமை, பார்லி, ஓட்ஸ், மக்காச்சோளம் நான்குக்கு மட்டும் விதைக்கூட்டங்களை அளவோடு விற்றுப் பார்க்க ஆணையம் தற்காலிக அனுமதி கொடுத்தது. அடுத்து 2017–2021-இல் நடந்த ‘லைவ்சீட்’ திட்டம், இப்படிப்பட்ட விதைக்கு எப்படி விதி எழுதலாம் என்பதிலும் வேலை செய்தது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய இயற்கை வேளாண்மைச் சட்டத்தில் இந்த விதைக்குத் தனி இடம் கிடைத்தது. ரகமாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. எந்தப் பெற்றோரிலிருந்து, எந்த முறையில், எங்கே உருவானது என்று எழுதி அரசு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்று மாதத்தில் மறுப்பு வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். முளைப்புத்திறன், தூய்மை, நோயின்மை விதிகள் அப்படியே தொடரும்.

ஓட்டைகளும் உண்டு

எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஹொரைசன் மனு என்பது பெரும் ஆவணம். எழுதிக் கொடுக்கவே தொழில்முறை ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஆளும் காசும் உள்ள பெரிய பல்கலைக்கழகங்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம். களக்குழுக்களிலோ, பல இடங்களில் முதலில் கைக்காசைச் செலவழித்துவிட்டுப் பிறகுதான் வாங்க வேண்டும். சிறு உழவருக்கு அந்த இடைவெளிதான் கழுத்தை நெரிக்கும். பெரும்பாலான திட்டங்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டில் முடிந்துவிடும்; மண்ணும் மரமும் அந்தக் காலண்டரைப் பார்ப்பதில்லை. இத்தாலியில் திட்டம் முடிந்த பிறகும் விதைக்கூட்டம் பிழைத்தது, அதை உழவர்கள் தங்கள் கையில் வைத்து ஆண்டுதோறும் விதைத்ததால்தான்.

நமக்கு என்ன?

ஹொரைசன் யூரோப் திட்டங்களில் இந்திய நிறுவனங்களும் கூட்டாளியாகச் சேரலாம். ஆனால் பொதுவாகப் பானையிலிருந்து பணம் தானாக வராது. நம் பக்கச் செலவுக்கு நாம்தான் வழி பார்க்க வேண்டும். முடிவுகள் மட்டும் எல்லோருக்கும் திறந்தவை. ஆய்வுக் கட்டுரைகளைக் காசு வாங்காமல் படிக்கக் கொடுக்க வேண்டும் என்பது திட்ட விதி. ‘ஆர்கானிக் ஈபிரிண்ட்ஸ்’, ‘ஆர்கானிக் ஃபார்ம் நாலெட்ஜ்’ என்ற இரண்டு தளங்களிலும் இயற்கை வேளாண்மை முடிவுகள் குவிந்து கிடக்கின்றன. வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் தேடித் தரச் சொல்லுங்கள். அவர்கள் குளிருக்கும் கோதுமைக்கும் சொன்ன அளவை அப்படியே நம் வயலில் போட வேண்டாம். எப்படிச் சோதித்தார்கள் என்ற முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி எந்த ஆராய்ச்சித் திட்டம் நம் ஊருக்கு வந்தாலும் மூன்று கேள்வி கேட்டு வைப்போம். இந்தக் கேள்வியை எழுதியது யார்? சோதனை யார் வயலில்? திட்டம் முடிந்த பிறகு விதையும் கணக்கும் யார் கையில் இருக்கும்? கேட்பதற்கு முன்னால் நம் கேள்விகளும் தயாராக இருக்க வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு நோட்டை எடுத்து, பயிர், மண், பருவம் குறித்து, விடை தெரியாமல் நிற்கும் பிரச்சினைகளை வரிசையாக எழுதி வையுங்கள். சிசிலிக்காரர்களும் பணம் வரும்வரை காத்திருந்து கேள்வி யோசிக்கவில்லை.