உப்புச் சேற்றில் ஒரு காடு

இலங்கையில் சிலாபத்துக்கு அருகே பம்பலவில், கண்டல் காட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2016 ஜூலை 26இல் திறந்துவைக்கப்பட்டபோது, இவ்வகையில் உலகிலேயே முதலாவது என்று அறிவித்தார்கள். சிறு மீனவர் அமைப்பான சுதீசவும் அமெரிக்காவின் சீகாலஜி நிறுவனமும் கைகோத்த திட்டத்தின் பகுதி அது.

அதைப் பார்க்கப் போனபோது, உடப்பு ஊரில் எங்களை விருந்தினராக ஏற்ற மீனவக் குடும்பத்தின் மூத்த மகளும் கூட வந்தார். உள்ளே படங்களைப் பார்த்து முடித்ததும் களப்போரத்துக்கு அழைத்துப்போய், கண்ணா மரத்தின் இலை ஒன்றைக் கிள்ளி நீட்டினார். "நக்கிப் பாருங்க அண்ணா." உப்புக் கரித்தது.

வேர் உறிஞ்சும் உப்பைக் கண்ணா மரம் இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. நீர் காய்ந்ததும் இலைமேல் உப்புப் படிகிறது. அதே காட்டில் வளரும் கண்டல் என்ற மரத்தின் வழி வேறு: பெரும்பங்கு உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது.

அடுத்த சிக்கல் மூச்சு. நீர் ஊறிய சேற்றில் சற்று ஆழத்திலேயே ஆக்சிசன் இல்லை. அதனால் கண்ணா மரத்தைச் சுற்றி, பென்சில்களை நட்டதுபோல மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. நீர் வற்றும் நேரத்தில் அவற்றின் நுண்துளைகள் வழியே காற்று இறங்குகிறது. கண்டலோ தண்டிலிருந்தே வளைந்திறங்கும் முட்டுவேர்களால் நிற்கிறது. இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் அந்த வேரிடுக்குகள்தான் ஒளிவிடம்.

என்னை மிகவும் வியக்கவைத்தது கண்டலின் பிள்ளைப்பேறுதான். விதை தாய்மரத்திலேயே முளைத்து, முழ நீளக் குச்சியாகத் தொங்குகிறது. முற்றியதும் உதிர்ந்து, ஏற்ற இடமானால் அங்கேயே வேர்விடுகிறது. இல்லையென்றால் மிதந்து வேறு கரை சேர்கிறது.

சிலாபம் அடங்கிய புத்தளம் மாவட்டத்தில் இந்தக் காடு பெருமளவில் அழிந்தது இறால் பண்ணைகளால். 1980களிலிருந்து வெட்டிய குளங்கள் பல, பின்னர் வெண்புள்ளி நோய் பரவியதும் கைவிடப்பட்டன. 2015இல் தொடங்கிய சுதீச–சீகாலஜி திட்டம், களப்போரப் பெண்களுக்குத் தொழில் தொடங்கச் சிறுகடனும் பயிற்சியும் தந்து, பதிலுக்கு அருகிலுள்ள கண்டல் காட்டைக் காக்கும்படி கேட்டது. காட்டருகே வாழ்பவர்களையே காவலாக்கிய இந்த வழி சரியானதென்றே நினைக்கிறேன்.

ஆனால் அழிந்த காட்டுக்கு ஈடாக நட்டதெல்லாம் காடாவதில்லை. இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை என்றது. நீர் ஏறி இறங்கும் அளவும் உப்பின் அளவும் ஒவ்வொரு இனத்துக்கும் பொருந்த வேண்டும். ஆகவே கன்றோடு கிளம்பும் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தக் கரையில் முன்பு எந்த மரம் நின்றது என்று ஊர் மீனவரிடம் முதலில் கேளுங்கள். நிற்கிற காட்டை வெட்டவிடாதீர்கள்.